புலப்பெயர்வும் ஒளிப்படமும்: யாழ்ப்பாணச் சமூக வரலாற்றுக்கு ஒரு சான்று

வரலாற்றாசிரியர் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஏட்டுச்சுவடியையும் சான்றாகக் கொள்ளத் தயங்குவதில்லை. ஆனால் வீட்டுச் சுவரில் மாட்டப்பட்ட ஒளிப்படம் பெரும்பாலும் அவர்தம் கவனத்தைப் பெறுவதில்லை. குடும்பத்தின் உடைமை, உறவினரின் நினைவுப்பொருள் என்ற அளவில் அது ஒதுக்கப்படுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரை இம்மனப்பான்மை பேரிழப்புக்கு இடமளிப்பதாகும். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கடல் கடந்து செல்வதும் மீள்வதுமாக வாழ்ந்துவந்த இச்சமூகத்தின் பயணங்களையும் திருவிழாக்களையும் குடும்ப வாழ்வையும் பற்றி, எழுத்துச் சான்றுகள் கூறாத பலவற்றை ஒளிப்படங்கள் கூறுகின்றன.

ஒளிப்படக் கலை 1839 இல் பாரிஸ் நகரில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அக்காலத்திற் குடாநாட்டிலே அமெரிக்க மிசனரிமாரின் கல்விப்பணி வேரூன்றியிருந்தது. 1816 இல் வந்த அவர்கள் 1823 இல் வட்டுக்கோட்டையிற் செமினரியை நிறுவினர். இத்தகைய கல்விக்கூடங்களிலிருந்து ஆங்கிலம் கற்று வெளியேறியோர் அனைவருக்கும் உள்ளூரில் உத்தியோகம் கிடைக்கவில்லை. மலாயாவின் முதலாவது புகையிரதப் பாதை 1885 இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்குமிடையே திறக்கப்பட்டது. அதன்பின் புகையிரதப் பகுதியிலும் ஏனைய அரசாங்கப் பகுதிகளிலும் எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் பணிபுரிய யாழ்ப்பாணத்து இளைஞர் பெருந்தொகையாகக் கப்பலேறினர்.

மலாயாவிலிருந்து ஊருக்குக் காசுக்கட்டளை வந்தது; அதனோடு கடிதமும், கடிதத்தினுள்ளே படமும் வந்தன. மேற்சட்டை அணிந்து, கையிற் பிரம்புடன், தீட்டிய திரைச்சீலையின் முன் நிற்கும் மகனின் படம் அவன் நலமாக இருக்கிறான் என்பதற்கும், உயர்ந்துவிட்டான் என்பதற்கும் ஒருங்கே சான்றாயிற்று. ஊரிலிருந்தும் படங்கள் சென்றன. மணம் பேசுகையிற் சாதகக் குறிப்போடு பெண்ணின் படமும் கடல் கடந்தது. இறந்தவரின் பாடையைச் சூழ உறவினர் நின்று எடுத்த படம், இறுதிக் கிரியைக்கு வரவியலாத பிள்ளைக்கு அனுப்பப்பட்டது. எனவே யாழ்ப்பாணத்தாரிடையே ஒளிப்படம் தோற்றத்தைப் பதிவுசெய்யும் கருவியாக மட்டும் அமையவில்லை. பிரிந்திருக்கும் குடும்பத்தை ஒன்றாக வைத்திருக்கும் உறவுச் சாதனமாகவும் அது தொழிற்பட்டது எனலாம்.

மலாயாவில் அவர்கள் கோயில்களையும் சங்கங்களையும் நிறுவியபோது அவற்றின் கூட்டுப்படங்களும் பெருகின. ச. துரைராஜசிங்கம் 1968 இல் வெளியிட்ட நூல், மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் இலங்கையர் வாழ்ந்த நூறாண்டுகளைத் தொகுத்துரைப்பது. சமூகம் தன் வரலாற்றைத் தானே தொகுக்க முற்பட்டமைக்கு இந்நூல் ஓர் எடுத்துக்காட்டாகும்.

1983 யூலை வன்செயலின் பின் எழுந்த புலப்பெயர்வு தன்மையில் வேறுபட்டது. முன்னையோர் உத்தியோகம் தேடிச் சென்று, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பும் நோக்குடையோர். பின்னையோருட் பலர் அகதிகளாகச் சென்றனர்; திரும்புதல் அவர்கள் கையில் இருக்கவில்லை. இவ்வேறுபாடு அவர்கள் எடுத்த படங்களிலும் புலப்படுகிறது. மலாயாப் படங்களில் தனிமனிதனின் உயர்வு முதன்மை பெற்றது. ஐரோப்பியப் படங்களிலோ சமூகத்தின் இருப்பே முதன்மை பெறுகிறது. பாரிஸில் 1985 இல் அமைந்த மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர், தேங்காய்கள் உடைந்து சிதறும் தெருக்களிலே பவனி வரும் காட்சியும், யேர்மனியின் ஹம் நகரில் 2002 இற் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயத்தின் திருவிழாக் காட்சியும் ஆண்டுதோறும் படம்பிடிக்கப்படுகின்றன. பின்னணியில் அந்நிய நகரின் கட்டடங்கள். முன்னணியிற் காவடியும் வடம் பிடிப்போரும். நல்லூரில் இருபத்தைந்து நாள் நிகழும் திருவிழாவைக் காண இயலாதோர், தாம் வாழும் தெருவையே தேர்வீதியாக்கிய செய்தியை இப்படங்கள் ஊருக்கு அறிவித்தன. 1979 புரட்சியின் பின் அமெரிக்காவிற் குடியேறிய ஈரானியர் நவுரூஸ் புத்தாண்டைக் கொண்டாடிப் படமெடுத்துப் பேணுவதும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. நாட்டை இழந்தோர்க்கு விழா ஒரு முகவரியாகிறது.

எனினும் ஒளிப்படம் முழு உண்மையையும் கூறுவதன்று. பழைய கோயிற் படங்களில் வீதியில் நிற்போர் தெரிவர். சாதியின் பெயரால் உள்ளே விடப்படாதோர் தெரியார். 1968 இல் மாவிட்டபுரத்திற் கோயில் நுழைவுப் போராட்டம் நிகழவேண்டியிருந்தமையை நினைவிற்கொண்டே அக்காலத் திருவிழாப் படங்களை நோக்குதல் வேண்டும். ஸ்ரூடியோவிற்குச் செல்லும் வசதி எல்லார்க்கும் இருக்கவில்லை. 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டபோது எடுத்த சிறுபடமே வறியோர் பலரின் ஒரே படமாக எஞ்சியது. அவர் இறந்தபின் உறவினர் அதனையே பெருப்பித்துச் சுவரில் மாட்டினர். அரசு அடையாளங்காணக் கேட்ட படம் குடும்பத்தின் வழிபாட்டுக்குரியதாயிற்று.

இச்சான்றுகளின் அழிவும் வரலாற்றின் ஒரு கூறாகும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. 1995 ஒற்றோபர் இறுதியில் வலிகாம மக்கள் ஓரிரவில் வெளியேறியபோது எடுத்துச் செல்லக் கூடியவை மிகச் சிலவே. வீடுகள் சிதைந்தபோது சுவர்ப்படங்களும் பெட்டகத்து அல்பங்களும் சிதைந்தன. ஆயினும் ஒரு வியப்பு இங்கு நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்தில் அழிந்த படத்தின் மற்றொரு பிரதி கோலாலம்பூரிலோ இலண்டனிலோ ரொறன்ரோவிலோ ஓர் உறவினரின் பெட்டியில் இருந்தது. பிரிவின் துயரால் அனுப்பப்பட்ட படமே எஞ்சிய படமாயிற்று. குடாநாட்டின் சமூக வரலாற்றுச் சான்றுகளில் ஒரு பகுதி குடாநாட்டிற்கு வெளியிலேயே உள்ளது என்னும் உண்மை ஆய்வாளரால் உணரப்படல் வேண்டும்.

ஆயின் பெயரும் ஊரும் ஆண்டும் குறிக்கப்படாத படம் ஒரு தலைமுறைக்குள் ஊமையாகிவிடும். படத்திலுள்ளோரை இனங்காட்ட வல்ல முதியோர் குறைந்துவருகின்றனர். 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில், இறந்தோர் நினைவாக முப்பத்தோராம் நாளில் வெளியிடப்படும் மலர்களும் தொகுக்கப்படுகின்றன. யாழ்ப்பாணத்தார் இம்மலரைக் ‘கல்வெட்டு’ என்றே வழங்குவர். படமும் குடும்ப வரலாறும் ஒருங்கே அமைந்த அதற்கு இப்பெயர் மிகப் பொருத்தமானதே.

2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிற் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்தபோது அவர்தம் கையில் இருந்ததும் ஒளிப்படமே. பாடசாலைச் சீருடையிலோ உறவினர் திருமணத்திலோ எடுக்கப்பட்ட படம், ஒருவர் வாழ்ந்தார் என்பதற்குச் சான்றாக அங்கு உயர்த்திப் பிடிக்கப்பட்டது. மகிழ்ச்சிக்காக எடுத்த படம் நீதிக்கான ஆவணமாக மாறும் ஒரு நாட்டில், வீட்டுப் படங்களைப் பெயர் குறித்துப் பேணுதல் வரலாற்றுக் கடமையாகும்.