ஒற்றைப் பலகைக் கணினி: வரலாறும் தேர்வும்

ஒற்றைப் பலகைக் கணினி என்பது நுண்செயலி, நினைவகம், உள்ளீட்டு வெளியீட்டு இணைப்புகள் ஆகியவை அனைத்தும் ஒரே மின்சுற்றுப் பலகையில் அமைந்த கணினி ஆகும். உள்ளங்கையில் அடங்கும் அளவும், சில வாட் அளவே ஆகும் மின்செலவும் இன்றைய பலகைகளின் சிறப்புகள். வெப்பநிலையைப் பதிவு செய்தல், செடிகளுக்கு நீர் விடுதல், சிறிய ரோபோ செய்தல் போன்ற பொழுதுபோக்கு ஆக்கங்களுக்கு இவை பரவலாகப் பயன்படுகின்றன. சந்தையில் பலவகைப் பலகைகள் இருப்பதால் எதை வாங்குவது என்ற குழப்பம் புதியவர்களுக்கு எழுகிறது. ஒவ்வொரு பலகையும் எந்தத் தேவைக்காகப் பிறந்தது என்பதை அறிந்தால் இக்குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

தொடக்கக் காலம்

1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாஸ் டெக்னாலஜி நிறுவனம் கிம்-1 என்னும் பலகையை 245 டாலருக்கு விற்றது. 6502 என்ற தன் புதிய நுண்செயலியைப் பொறியாளர்களுக்கு அறிமுகப்படுத்துவதே அதன் நோக்கம். அதில் திரை இல்லை. ஒரு சிறிய விசைப்பலகையும் ஆறு இலக்கங்கள் காட்டும் விளக்குகளும் மட்டுமே இருந்தன. நினைவகம் ஏறத்தாழ 1 கிலோபைட். ஆனால் பொறியாளர்களுடன் பொழுதுபோக்காளர்களும் அதை விரும்பி வாங்கினர்.

அதே 6502 நுண்செயலியைக் கொண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஏகார்ன் நிறுவனம் 1981இல் பிபிசி மைக்ரோ என்னும் கணினியை வெளியிட்டது. பிபிசியின் கணினிக் கல்வித் திட்டத்துக்காக உருவான இது பிரித்தானியப் பள்ளிகளில் பெருமளவில் இடம்பெற்றது. மின்சாரம் தந்தவுடன் பேசிக் மொழியில் நிரல் எழுதும் நிலையில் அது வந்து நிற்கும். எனவே கணினியைத் தொட்ட மாணவர் நிரலையும் தொட்டே ஆக வேண்டியிருந்தது.

ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகியோர் வடிவமைத்த ஏஆர்எம் நுண்செயலி 1985 ஏப்ரலில் முதன்முதலாக இயங்கியது. விலை குறைந்த பிளாஸ்டிக் உறையில் அடைக்க வேண்டும் என்பதற்காக அதன் மின்செலவு 1 வாட்டுக்குக் கீழ் இருக்கும்படி திட்டமிட்டனர். சோதனையின்போது மின்னளவி சுழியம் காட்டியது. ஆராய்ந்தபோது, மின்னிணைப்பே தரப்படாமல், மற்ற முனைகள் வழியே கசிந்த மின்சாரத்தில் அந்தச் சில்லு ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. இந்தச் சிக்கனமே பிற்காலத்தில் ஏஆர்எம் வகை நுண்செயலிகளைக் கைப்பேசிகளுக்கும், அவற்றின் வழியே சிறு பலகைகளுக்கும் கொண்டுவந்தது.

கேம்பிரிட்ஜில் எழுந்த கவலை

2006ஆம் ஆண்டளவில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிக்கும் மாணவர்களின் எண்ணிக்கை குறைந்து வந்தது. வருபவர்களின் நிரல் அனுபவமும் முன்பைவிடக் குறைவாக இருந்தது. அங்குக் கற்பித்த எபென் அப்டனும் அவருடைய சகாக்களும் இதன் காரணத்தை ஆராய்ந்தனர். பிபிசி மைக்ரோ இருந்த இடத்தில் இப்போது விளையாட்டுக் கருவிகள் இருந்தன. வீட்டுக் கணினியோ குடும்பம் முழுவதற்கும் பொதுவானது, விலை உயர்ந்தது, அதைப் பிரித்துப் பார்க்கப் பிள்ளைகளை யாரும் விடுவதில்லை. கெட்டுப்போனாலும் பெரிய இழப்பில்லை என்னும் விலையில் ஒரு கணினி வேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர்.

அப்டன் 2006இல் செய்த முதல் மாதிரி, அட்மெல் நிறுவனத்தின் மைக்ரோகண்ட்ரோலரைக் கொண்டது. அதன் திறன் போதுமானதாக இல்லை. பின்னர் கைப்பேசிச் சில்லுகள் மலிவானதும் திட்டம் உயிர்பெற்றது. 2009இல் ராஸ்பெரி பை அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. ஒரு பாடநூலின் விலை இவ்வளவு இருக்கும் என்ற கணிப்பில் 25 டாலர் என்னும் இலக்கு வைக்கப்பட்டது. பிபிசி மைக்ரோவின் நினைவாகவே பலகைகளுக்கு மாடல் ஏ, மாடல் பி எனப் பெயரிட்டனர்.

2012 பிப்ரவரி 29 அன்று மாடல் பி 35 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. 700 மெகாஹெர்ட்ஸ் ஏஆர்எம் நுண்செயலியும் 256 மெகாபைட் நினைவகமும் கொண்ட அது லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடியது. சில ஆயிரம் பலகைகளே விற்கும் என எண்ணித் தொடங்கிய திட்டத்துக்கு முதல் நாளிலேயே ஏறத்தாழ ஒரு லட்சம் கேட்புகள் குவிந்தன. விற்பனை நிறுவனங்களின் இணையதளங்கள் முடங்கின.

வேறு தேவை, வேறு பலகை

ராஸ்பெரி பைக்கு முன்பே, 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் ஆர்டுயினோ உருவாகியிருந்தது. வடிவமைப்பு பயிலும் மாணவர்கள் விளக்கு, மோட்டார், உணரி ஆகியவற்றை எளிதில் இயக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அது இயங்குதளம் இல்லாத மைக்ரோகண்ட்ரோலர் பலகை. எழுதிய ஒரே நிரலைத் திரும்பத் திரும்பச் செய்யும். 2014இல் பரவலான ஈஎஸ்பி8266, 2016இல் வந்த ஈஎஸ்பி32 ஆகிய சில்லுகள் இவ்வகைப் பலகைகளுக்கு வைஃபை வசதியை மலிவாக்கின.

2015 நவம்பரில் 5 டாலர் விலையில் ராஸ்பெரி பை ஜீரோ வெளியானது. மேக்பை இதழின் அட்டையில் ஒட்டி அது இலவசமாகவும் வழங்கப்பட்டது. 2021 ஜனவரியில் 4 டாலருக்கு வந்த பிகோ, அப்பெயரில் வெளியான முதல் மைக்ரோகண்ட்ரோலர் பலகை ஆகும்.

அதே ஆண்டில் உலகெங்கும் சில்லுத் தட்டுப்பாடு ஏற்பட்டது. ராஸ்பெரி பை 4இன் 2 ஜிபி வகை 35 டாலரிலிருந்து 45 டாலராக உயர்ந்தது. கிடைத்த பலகைகளை வழங்குவதில் தொழில் நிறுவனங்களுக்கு முன்னுரிமை தரப்பட்டது. மாணவர்களுக்காகத் தொடங்கிய கணினி, மாணவர் கைக்கு எட்டாத நிலை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீடித்தது. அக்காலத்திலும் பிகோ கிடைத்துவந்தது. முழுக் கணினி தேவைப்படாத பல வேலைகளுக்கு அதுவே போதும் என்பதைப் பலர் அப்போது கண்டுகொண்டனர்.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் கேட்க வேண்டியது, வேலைக்கு இயங்குதளம் தேவையா என்பதே. திரை, கேமரா, கோப்புச் சேமிப்பு, வலைச் சேவை ஆகியவை வேண்டுமானால் லினக்ஸ் பலகை பொருந்தும். ஓர் உணரியைப் படித்து ஒரு மோட்டாரை இயக்குவது மட்டுமே வேலை என்றால் மைக்ரோகண்ட்ரோலர் போதும்.

அடுத்தது மின்செலவு. ராஸ்பெரி பை 4 சும்மா இருக்கும்போதே ஏறத்தாழ 3 வாட் எடுக்கும். ஆண்டு முழுவதும் ஓடினால் சுமார் 26 யூனிட் ஆகும். முதல் பை ஜீரோ ஏறத்தாழ 0.5 வாட் எடுக்கும். ஆண்டுக்குச் சுமார் 4.4 யூனிட். வீட்டு மின்சாரத்தில் இந்த வேறுபாடு சிறியது. மின்கலத்தில் அது பெரியது. 10,000 மில்லியாம்பியர் மணி பவர் பேங்க் ஒன்றிலிருந்து, இழப்பு போக, சுமார் 30 வாட் மணி கிடைக்கும். அதில் பை 4 ஏறத்தாழ 10 மணி நேரமும் பை ஜீரோ இரண்டரை நாளும் ஓடும். ஈஎஸ்பி32 சில்லு ஆழ்துயில் நிலையில் 10 மைக்ரோஆம்பியர் அளவே எடுப்பதால், மணிக்கு ஒருமுறை விழித்து அளந்துவிட்டு உறங்கும் கருவிக்கு அதுவே ஏற்றது. ஆனால் பலகையிலுள்ள பிற உறுப்புகளின் செலவையும் அதனுடன் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

மூன்றாவது, இணைப்புகள். ராஸ்பெரி பை கணினிகளில் அனலாக் உள்ளீடு கிடையாது. ஆர்டுயினோ ஊனோவில் ஆறும் பிகோவில் மூன்றும் உள்ளன. ஊனோவின் முனைகள் 5 வோல்ட்டில் இயங்குபவை. ராஸ்பெரி பையின் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. 5 வோல்ட் உணரியை நேரடியாக இணைத்தால் பின்னதன் சில்லு பழுதாகலாம்.

நான்காவது, மின்தடை. லினக்ஸ் பலகையில் எழுதும் வேலை நடக்கும்போது மின்சாரம் போனால் நினைவக அட்டையிலுள்ள கோப்புகள் கெட நேரிடும். அட்டையில் எதையும் எழுதாத மைக்ரோகண்ட்ரோலர் பலகையோ மின்சாரம் திரும்பியதும் தன் நிரலை முதலிலிருந்து தொடங்கிவிடும். மின்சாரம் அடிக்கடி தடைபடும் இடங்களில், வேகத்தைவிட இந்த ஒரு பண்பே முதலில் கருதத்தக்கது.