ஏடும் செவியும்: சார்ள்ஸ் மிங்கஸின் இசைமரபு

ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின மக்களிடையே தோன்றி வளர்ந்த ஜாஸ் இசைக்கு மனோதர்மமே உயிர்நிலை. வாசிக்கும் கணத்திலே பிறக்கும் இத்தகைய இசையில், இசையமைப்பாளர் ஒருவர் விட்டுச் சென்றதை அவர் மறைந்தபின் எவ்வாறு பேணுவது? இவ்வினாவை ஆராய்வதற்குச் சார்ள்ஸ் மிங்கஸின் (1922–1979) இசை தக்கதொரு சான்றாகும்.

‘டபிள் பேஸ்’ வாத்தியக் கலைஞராகிய மிங்கஸ், 1950களில் தமது குழுவை ‘ஜாஸ் பட்டறை’ என வழங்கினார். 1956 அளவில், இசைக்குறிப்புகளை எழுதிக் கொடுப்பதை இயன்றவரை தவிர்த்து, பியானோவில் வாசித்துக் காட்டிச் செவிவழியே கற்பித்தார். கலைஞர் ஒவ்வொருவரும் தத்தம் தனித்துவம் தோன்ற வாசித்தல் வேண்டும் என்பதே அவர் நோக்கம். அவ்விசை சமூகத்தினின்றும் விலகி நிற்கவுமில்லை. 1957இல் லிட்டில் றொக் நகரப் பாடசாலையொன்றிற் கறுப்பின மாணவர் ஒன்பதின்மர் நுழைவதைப் படை கொண்டு தடுத்த ஆர்கன்சோ மாநில ஆளுநர் போபஸை எள்ளி அவர் ஓர் உருப்படி அமைத்தார். 1959இல் அது சொற்களின்றி இசைத்தட்டாயிற்று. 1960இல் வேறொரு நிறுவனம் சொற்களுடன் பதிவு செய்தது.

ஆயின், மிங்கஸ் எழுத்தை முற்றாகத் துறந்தவரல்லர். ‘எபிரஃப்’ என்னும் அவரது பேரிசை, 4,000க்கு மேற்பட்ட தாள அளவுகளைக் கொண்டது. வாசிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். அதன் பகுதிகளை 1962இல் நியூயோர்க் ரவுண் ஹோல் அரங்கிலே வாசிக்க முயன்றபோது, பிரதி எடுப்போர் மேடையிலேயே எழுதிக்கொண்டிருந்தனர். முயற்சி தோல்வியில் முடிந்தது. அவர் மறைந்தபின், அவரது ஏடுகளை அட்டவணைப்படுத்திய அன்ட்ரூ ஹோம்சி அதன் கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுத்தார். 1989இல் கந்தர் ஷூலரின் நெறியாள்கையில் 30 கலைஞர் அதனை அரங்கேற்றினர். ஏடு இல்லாதிருப்பின் அவ்வரங்கேற்றம் நிகழ்ந்திராது.

எனினும் ஏடு மட்டும் போதுமானதன்று. மிங்கஸ் மறைந்த 1979ஆம் ஆண்டிலேயே அவர் துணைவியார் சூ மிங்கஸ், அவருடன் வாசித்தோரைக் கொண்டு ‘மிங்கஸ் டைனஸ்ரி’ என்னும் சிறு குழுவை அமைத்தார். 1962 அரங்குக்கான ஆயத்தத்தின்போது மிங்கஸின் கையால் அடிபட்டுப் பல்லிழந்த ட்ரொம்போன் கலைஞர் ஜிமி நெப்பரும் அதில் இடம்பெற்றமை மனங்கொள்ளத்தக்கது. மனிதர்மேல் மனத்தாங்கல் கொள்ளக் காரணமிருந்தும் அவர் அவ்விசையைக் கைவிடவில்லை. 1991இல் 14 பேர் கொண்ட ‘மிங்கஸ் பிக் பான்ட்’ உருவாகியது. மிங்கஸை நேரிற் காணாத இளையோரும் அதிற் சேர்ந்து, வாரந்தோறும் நியூயோர்க்கிலே வாசித்தனர்.

1993இல் மிங்கஸின் ஏடுகளைக் கொங்கிரஸ் நூலகம் பெற்றுக்கொண்டது. சூ மிங்கஸ் 2022இல் மறைந்தார். நூலகம் காப்பது மிங்கஸ் எழுதியதை. இசைக்குழு காப்பதோ அவர் கற்பித்த முறையை. அவர் வாசித்தவாறே வாசிப்பது அம்முறைக்கு முரணாகும். தம் குரலிலே வாசிக்குமாறு பணித்த ஆசானுக்கு, மாணாக்கர் தம் குரலிலே வாசிப்பதே உரிய கைம்மாறு எனலாம்.