வினிகர் காப்பாற்றிய கணக்கு

மும்பைக்கு மாற்றலாகி வந்து பதினோரு வருஷமாகிறது. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். நான் பி.காம் முதல் வருஷம் படித்த 1998-ல் எங்கள் பெரியம்மா கருப்பை வாய்ப் புற்றுநோயில் போய்விட்டார். மாதவிடாய் நின்ற பிறகும் ரத்தம் பட்டதை வெளியே சொல்ல வெட்கம். சொன்னபோது முற்றிவிட்டிருந்தது.

பணக்கார நாடுகளில் இந்த நோயைக் குறைத்தது பாப் ஸ்மியர் பரிசோதனை. அதற்கு லேப் வேண்டும், செல்களைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். ரிசல்ட் வந்ததும் அந்தப் பெண் மறுபடி வரவேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர் இரண்டாம் தடவை வருவாரா?

அதற்கு மாற்றாக வந்தது நம் சமையலறை வினிகரில் இருக்கிற அதே அசிட்டிக் அமிலம். நீர்த்த அமிலத்தைக் கருப்பை வாயில் தடவினால் ஒரு நிமிஷத்தில் கோளாறான இடம் வெள்ளையாகத் தெரியும். நல்ல வெளிச்சமும் பழகிய கண்ணும் போதும்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை பயிற்சி பெற்ற நர்சுகள் 31,343 பெண்களுக்கு இதைச் செய்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு அப்போதே உறைய வைக்கும் சிகிச்சை. 2007-ல் வெளியான முடிவு: இந்த நோயால் மரணம் 35 சதவீதம் குறைவு. பெரியம்மா இரண்டு வருஷம் முந்திவிட்டார்.

இங்கே மும்பையில் டாடா மெமோரியல் மருத்துவமனை 1998-ல் குடிசைப்பகுதிகளில் ஆரம்பித்தது. சோதித்தவர்கள் பத்தாவது படித்த, பயிற்சி பெற்ற பெண்கள். 2013-ல் அறிவித்தார்கள்: மரணம் 31 சதவீதம் குறைவு.

ஆனால் கணக்கில் இன்னொரு பத்தியும் உண்டு. மும்பையில் ஒப்பிட்டுப் பார்க்க சுமார் 76,000 பெண்களுக்குச் சோதனை செய்யவில்லை; விழிப்புணர்வு மட்டும்தான். அவர்களிலும் சிலர் இறந்தார்கள். நாட்டில் வழக்கமே அதுதானே, சோதனை யாருக்குமே கிடைக்கவில்லையே என்றார்கள் ஒரு தரப்பினர். பலன் தரும் சோதனை இருக்கும்போது கொடுக்காமல் விடலாமா என்றார்கள் மறுதரப்பினர். இருபது வருஷம் டெபிட், கிரெடிட் பார்த்தவன் நான். இந்தக் கணக்கு மட்டும் எனக்கு இன்னும் நேராகவில்லை. என் பெரியம்மாவும் அந்தச் சோதனை இல்லாத பத்தியில்தானே இருந்தார்!

2016-ல் மத்திய அரசின் வழிகாட்டுதலிலும் இது சேர்ந்தது. 2021 முதல் உலக சுகாதார நிறுவனம் எச்.பி.வி. சோதனையையே முதலாவதாகச் சொல்கிறது.

ஊருக்குப் போன் போடும்போது அக்காவிடம், அத்தையிடம் கேளுங்கள்: சோதனை செய்தாச்சா? வெட்கப்பட்டால், நம் பெரியம்மா கதையைச் சொல்லுங்கள்.