ஒரே கோப்பு, ஆளுக்கொரு எழுத்து

கூட்டு ஆவணத்தில் தமிழ் ஒருவருக்கு ஒழுங்காகத் தெரிகிறது, இன்னொருவருக்குக் கிறுக்கலாக வருகிறது என்று பணியில் இருக்கும் ஆசிரியர் நண்பர்கள் புலம்புகிறார்கள். தமிழில் இந்தத் தொல்லைக்கு முப்பது வருட வரலாறு உண்டு. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1997 ஜனவரி 1 அன்று நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து திருவாரூர் தனி மாவட்டமானது. அலுவலகங்களில் தட்டச்சுப் பொறி போய்க் கணினி வந்துகொண்டிருந்த நேரம். அந்தக் கணினிகளுக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தின் எண்ணுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தி ஏமாற்றினார்கள், அவ்வளவுதான். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. பாமினி இல்லாத கணினியில் அந்த ஐந்தும்தான் தெரியும். வேறு நிறுவனத்தின் எழுத்துருவை மாட்டினால் சம்பந்தமில்லாத தமிழ் எழுத்துகள் வரும். ஆளாளுக்கு ஒரு எண் வரிசை வைத்திருந்தார்கள்.

எங்கள் பள்ளியில் பெயர்ப்பட்டியலைப் பிளாப்பியில் போட்டு, எழுத்துருவையும் சேர்த்துக் கொடுத்தனுப்புவோம். அப்படியும் போன இடத்தில் திறக்காது, புதிதாக அடிப்பார்கள். அடிக்கும்போது 'ண', 'ன' ஆகிவிடும். சான்றிதழுக்குச் சான்றிதழ் பெயர் மாறிய ஒரு பிள்ளை அதைத் திருத்த மாதக்கணக்கில் அலைந்தாள். கூட வந்த அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போனது.

இதற்குத் தீர்வு தேடி 1997 மே மாதம் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று ஒரு மாநாடு நடந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு. அதில் பிறந்த தமிழ்99 விசைப்பலகை இன்றும் கைப்பேசிகளில் இருக்கிறது. எழுத்துக் குறியாக்கத்துக்கு மட்டும் டாம், டாப் என்று இரண்டு தரம் வகுத்தார்கள். வெளிநாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து உருவாக்கிய திஸ்கி தனியாக இருந்தது. குழப்பத்தைத் தீர்க்க வந்ததே மூன்று!

இத்தனைக்கும் 1991 முதலே யூனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள் இருந்தன. விண்டோஸ் 2000-லேயே அது வேலையும் செய்தது. ஆனால் தமிழ்நாடு அரசின் ஆணை வந்தது 2010 ஜூன் 23 அன்று, கோவை செம்மொழி மாநாடு தொடங்கிய நாளில். பத்து வருடத் தாமதம் என்றுதான் சொல்வேன். 1999, 2010 இரண்டு முறையும் முதல்வர் கலைஞர். நம்ம திருவாரூரில் படிக்கும்போது 'மாணவ நேசன்' என்ற கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவர். கையெழுத்துக்கு எழுத்துருச் சிக்கல் கிடையாது!

அந்த ஆணை யூனிகோடுடன் டேஸ்-16 என்பதையும் ஏற்றது. தமிழின் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம் தரும் முறை அது. தமிழாசிரியனாக எனக்குப் பிடித்த யோசனை. ஆனால் யூனிகோடில் யாரும் தனக்கென எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கும் பகுதியில் அது உட்கார்ந்திருக்கிறது. அதற்கான எழுத்துரு இல்லாதவருக்கு வெறும் கட்டம்தான் தெரியும்.

இன்றைய புலம்பலுக்குப் பாதிக் காரணம், பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே கூட்டு ஆவணத்தில் ஒட்டுவது. மாற்றி மூலம் யூனிகோடாக்கி ஒட்டினாலும் கண்ணால் ஒரு முறை பாருங்கள். பழைய முறையில் 'கெ' என்பதில் நாம் கையால் எழுதுவதுபோலக் கொம்பு முதலில் இருக்கும். யூனிகோடில் 'க' முதலில், கொம்பு பிறகு. இந்த இடத்தில்தான் மாற்றிகள் தடுமாறும்.

யூனிகோடிலும் ஒரு பொடி இருக்கிறது. கௌரி, கெளரி. முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் கொம்பு போட்டு, பக்கத்தில் 'ள' அடித்திருக்கிறது. பார்த்தால் வித்தியாசமே தெரியாது, கணினிக்கு இரண்டும் வேறு பெயர். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் போகும் முன், கௌரி, கௌதம், கௌசல்யா எல்லாரையும் இரண்டு விதமாகவும் ஒரு தடவை தேடிப் பாருங்கள்.