தஞ்சை அரண்மனையும் பொதுக்கொடையும்

தஞ்சைக்குச் செல்லும் நம் சங்கத்தார் பெரும்பாலும் பெரிய கோயிலைத் தரிசித்துத் திரும்பி விடுகின்றனர். அவ்வூர் அரண்மனையின் சரித்திரமும் நாம் அறியத்தக்கதேயாம்.

நாயக்க மன்னர்கள் பதினாறாம் நூற்றாண்டில் தொடங்கிய அம்மாளிகை பின்னர் மராட்டிய அரசர்க்கு உரியதாயிற்று. 1799-இல் இரண்டாம் சரபோஜி மன்னர் நாட்டின் ஆளுகையைக் கும்பினியாரிடம் ஒப்புவித்தார். நாடு போயினும், சரஸ்வதி மகாலிற் பன்மொழிச் சுவடிகளைத் தொகுத்து அழியாப் புகழ் எய்தினார். அவர் குமாரர் சிவாஜி மன்னர் 1855-இல் ஆண் சந்ததியின்றிக் காலஞ்சென்றார். பின்னர்க் கும்பினியார் அரசரின் சொந்தப் பொருள்களையுங்கூடக் கைப்பற்றினர். அரசியார் காமாட்சிபாய் வழக்குத் தொடுத்தார். சென்னை சுப்ரீம் கோர்ட்டார் அவருக்கு அனுகூலமாகத் தீர்ப்பளித்தனர். ஆனால் 1859-இல் இலண்டன் பிரிவி கௌன்ஸிலார், அஃது இராஜாங்கச் செய்கையாதலின் நியாயஸ்தலம் விசாரித்தற்கில்லை எனத் தள்ளிவிட்டனர்.

முடிவில் நிலைத்தது யாது? 1918-இல் அரச குடும்பத்தார் அச்சுவடிச் செல்வத்தைப் பொதுமக்களுக்கு ஈந்தனர். 1951-இல் அரண்மனையிலேயே கலைக்கூடம் நிறுவப்பெற்றது. சோழர்காலச் செப்புத்திருமேனிகளை இன்று எவரும் அங்குக் காணலாம். வாரிசுரிமை காவாததைக் கொடை காத்தது.

நம்மவர் இல்லங்களிலும் ஏடுகளும் பழம் பத்திரங்களும் பரணிற் கிடந்து செல்லரிக்கின்றன. முன்னோர் பொருள் என்று பூட்டி வைப்பதனால் யாருக்குப் பயன்? அவற்றைத் தக்கதொரு நூல்நிலையத்திற்கு அளித்து முன்னோர் பெயரை நிறுத்துவது நம் கடமையாம்.