வாழ்க்கைப்போக்குக் குற்றவியல்

வாழ்க்கைப்போக்குக் குற்றவியல் என்பது ஒருவரின் குற்ற நடத்தை எந்த அகவையில் தொடங்குகிறது, எவ்வாறு தொடர்கிறது, எப்போது, ஏன் நின்றுபோகிறது என்பவற்றை ஆராயும் குற்றவியலின் ஒரு பிரிவு ஆகும். இது வளர்ச்சிசார் குற்றவியல் என்றும் அழைக்கப்படும். ஒரே மனிதர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்வது இதன் முதன்மையான ஆய்வுமுறை ஆகும். குற்றம் பிறப்பிலேயே அமைந்த மாறா இயல்பா என்ற கேள்வி இத்துறையின் மையத்தில் உள்ளது.

அகவை - குற்ற வளைவு

குற்றங்களின் எண்ணிக்கை பதின்ம அகவையில் விரைந்து உயர்ந்து, பதின்ம அகவையின் இறுதியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ உச்சத்தை அடைந்து, பின்னர் படிப்படியாகக் குறைகிறது. இது அகவை - குற்ற வளைவு எனப்படும். அகவைக்கும் குற்றத்துக்கும் உள்ள தொடர்பைப் பெல்ஜிய நாட்டு அறிஞர் அடால்ப் கெட்டலே 1831ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினார்.

மார்வின் உல்ஃப்காங் குழுவினர் 1945இல் பிறந்து பிலடெல்பியா நகரில் வளர்ந்த 9,945 சிறுவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 1972இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் சுமார் 6 விழுக்காட்டினரே பதிவான குற்றங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றைச் செய்திருந்தனர்.

கோட்பாடுகள்

* இருவகைப் பாகுபாடு: டெர்ரி மொஃபிட் 1993இல் முன்வைத்தது. பெரும்பாலோர் பதின்ம அகவையில் மட்டும் தவறிழைத்துப் பின்னர் விலகிவிடுகின்றனர். சிலரே சிறு அகவை முதல் வாழ்நாள் முழுதும் தொடர்கின்றனர்.
* திருப்புமுனைக் கோட்பாடு: ராபர்ட் சாம்ப்சன், ஜான் லாப் ஆகியோர் 1993இல் முன்வைத்தது. பாஸ்டன் நகரின் 500 இளங்குற்றவாளிகளைப் பற்றி குளூக் இணையர் முன்னர் திரட்டிய தரவுகளை இவர்கள் மீண்டும் ஆராய்ந்தனர். நிலையான வேலை, நல்ல மணவாழ்க்கை, படைப்பணி ஆகியவை பலரைக் குற்றத்திலிருந்து விலக்கியதைக் கண்டனர்.
* தன்கட்டுப்பாட்டுக் கோட்பாடு: காட்ஃபிரட்சன், ஹிர்ஷி ஆகியோர் 1990இல் முன்வைத்தது. சிறு அகவையில் உருவாகும் தன்கட்டுப்பாட்டின் அளவு பின்னர் பெரிதும் மாறுவதில்லை என்பது இவர்கள் கருத்து.

குற்றப் பரம்பரைச் சட்டம்

இக்கோட்பாடுகளுக்கு முற்றிலும் எதிரான கருத்தின் மீது எழுந்தது, 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி இது சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. பிரமலைக் கள்ளர், குறவர் உள்ளிட்ட பல சமூகத்தினர் இதன்கீழ் அறிவிக்கப்பட்டனர். எக்குற்றமும் செய்யாதவரும் பிறப்பின் காரணமாகவே கைரேகை பதியவும், காவல் நிலையத்தில் முன்னிலையாகவும் நேர்ந்தது. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் சேர்க்கவும் சட்டம் இடமளித்தது. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் 1947இலும் இந்தியா முழுவதும் 1952இலும் இச்சட்டம் நீக்கப்பட்டது.

சட்டத்தில் அகவை

அகவையைக் கருத்தில் கொள்ளும் சட்டங்களும் அதே காலத்தில் தோன்றின. சென்னைச் சிறார் சட்டம் 1920இலும், 21 அகவைக்கு உட்பட்ட இளங்குற்றவாளிகளுக்கான போர்ஸ்டல் பள்ளிகள் சட்டம் 1925இலும் இயற்றப்பட்டன. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 21 அகவைக்கு உட்பட்டோரைச் சிறைக்கு அனுப்புவதைக் கட்டுப்படுத்துகிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 18 அகவைக்கு உட்பட்டோரின் பழைய குற்றம் பிற்கால வாழ்வுக்குத் தடையாகாமல் இருக்க வழிசெய்கிறது. எனினும், கொடுங்குற்றங்களில் 16 முதல் 18 அகவைக்கு உட்பட்டோரை வளர்ந்தோராகக் கருதி விசாரிக்கவும் அச்சட்டம் இடமளிக்கிறது.

கொங்குப் பகுதி எடுத்துக்காட்டுகள்

கோயம்புத்தூர் மத்திய சிறையுடன் இணைந்த சிங்காநல்லூர் திறந்தவெளிச் சிறையில், நன்னடத்தையுள்ள தண்டனைக் கைதிகள் வேளாண் பணிகளில் ஈடுபடுத்தப்படுகின்றனர். வேலையை விலகலுக்கான வாயிலாகக் கருதும் திருப்புமுனைக் கோட்பாட்டுடன் இது ஒத்துப்போகிறது.

சத்தியமங்கலம் காடுகளில் இயங்கிய வீரப்பன் (1952 - 2004) இதற்கு மாறான எடுத்துக்காட்டு. யானைத் தந்தத்துக்கான வேட்டையில் தொடங்கி, சந்தன மரக் கடத்தல், வனத்துறை மற்றும் காவல்துறையினரைக் கொல்லுதல், ஆட்கடத்தல் என அவரது குற்றங்கள் அகவையுடன் கடுமையாயின. கன்னட நடிகர் ராஜ்குமாரை அவர் கடத்திய 2000ஆம் ஆண்டில் அவருக்கு அகவை 48. திருமணமும் அவரை விலகச் செய்யவில்லை. ஒவ்வொரு குற்றமும் இயல்பு வாழ்வுக்குத் திரும்பும் வழியை மேலும் அடைப்பதை ஆய்வாளர்கள் 'திரளும் பாதகம்' என்பர். 1990களில் அவர் கோரிய பொதுமன்னிப்பு ஏற்கப்படவில்லை. 2004 அக்டோபர் 18 அன்று தருமபுரி மாவட்டத்தில் சிறப்பு அதிரடிப்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வரம்புகள்

இத்துறையின் புகழ்பெற்ற நெடுங்கால ஆய்வுகள் பெரும்பாலும் மேலை நாடுகளின் ஆண்களை மையப்படுத்தியவை. காவல்துறைப் பதிவுகள் குற்றத்தை மட்டுமன்றி, யார் மீது கண்காணிப்பு மிகுதி என்பதையும் காட்டுகின்றன. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் வாழ்ந்த சமூகங்களைப் பற்றிய பழைய பதிவுகளைப் பயன்படுத்தும்போது இது சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. மேலும், கூட்டத்தின் போக்கைக் கொண்டு ஒரு தனிமனிதரின் எதிர்காலத்தை உறுதியாகக் கணிக்க இயலாது.

இவற்றையும் பார்க்க

* குற்றவியல்
* குற்றப் பரம்பரைச் சட்டம்
* திறந்தவெளிச் சிறை

பகுப்பு: குற்றவியல்