டோக்கியோவில் உருவான ஆங்கில மரபுத்தொடர் அகராதிகள்

ஆங்கிலம் கற்கும் அயல்மொழியினருக்கு அகராதியும் இலக்கணமும் ஒருசேரக் கைகொடுக்காமல் போகும் இடம் மரபுத்தொடர். ஒரு தொடரிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரிந்திருந்தும், அப்பொருள்களைக் கூட்டிப் பார்த்தால் தொடரின் பொருள் கிடைக்காதபோது அதனை மரபுத்தொடர் என்பர். ‘டேக்’ என்ற வினையையும் ‘இன்’ என்ற இடைச்சொல்லையும் முதலாண்டு மாணவரே அறிவார். இரண்டும் சேர்ந்து ‘டேக் இன்’ என நிற்கும்போதோ, ஒருவருக்குத் தங்க இடம் தருதல், தளர்ந்த சட்டையைப் பிடித்துத் தைத்தல், கேட்டதை மனத்தில் வாங்கிக்கொள்ளுதல், ஏமாற்றுதல் எனப் பொருள் பல திசைகளில் பிரிந்துவிடுகிறது. இத்தகைய தொடர்களைக் கற்போரின் தேவை கருதித் தொகுத்து விளக்கும் கலை, 1880களின் இறுதிக்கும் 1942க்கும் இடைப்பட்ட காலத்தில், ஆங்கிலம் பிறந்த மண்ணுக்கு வெகு தொலைவிலுள்ள ஜப்பானில்தான் பெரிதும் உருப்பெற்றது.

இச்சிக்கல் இங்கிலாந்தில் எவர் கண்ணிலும் படவில்லை என்று கூற இயலாது. 1755இல் வெளிவந்த தம் பேரகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன், வினையோடு ஓர் இடைச்சொல் சேர்ந்து புதுப்பொருள் கொள்ளும் முறை அயல்நாட்டாருக்குப் பேரிடர் தருவது என்று குறிப்பிட்டதோடு, அத்தகைய கூட்டுகளைத் தாம் மிகுந்த கவனத்துடன் திரட்டியதாகவும் எழுதினார். எனினும் அவருக்குப் பின் வந்த ஆங்கில அகராதிகள் அருஞ்சொற்களுக்கும் சொற்பிறப்புக்கும் அளித்த கவனத்தை அன்றாடத் தொடர்களுக்கு அளிக்கவில்லை. பிறந்தது முதல் அவற்றைப் பேசி வளர்ந்தவர்களுக்கு அவற்றில் விளக்குவதற்கு ஏதோ இருக்கிறது என்றே தோன்றாதது இயல்புதான். இவ்வகைக் கூட்டுவினைகளைக் குறிக்க இன்று வழங்கும் ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற கலைச்சொல்லையும், ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் பதிப்பாசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி எடுத்துக்கொடுக்க, லோகன் பியர்சல் ஸ்மித் 1925இல்தான் தம் நூலில் எடுத்தாண்டார்.

ஜப்பானில் நிலைமை வேறு. 1868இல் தொடங்கிய மெய்ஜி ஆட்சிக்காலத்தில் மேலைநாட்டுத் தொழில்நுட்பமும் சட்டமும் மருத்துவமும் பெருமளவில் அயல்மொழி நூல்கள் வழியாகவே நாட்டுக்குள் வந்ததால், அவற்றைப் படித்துப் பொருள் கொள்வது கல்வி கற்றோர் அனைவருக்கும் தலையாய கடமையாயிற்று. பண்டைச் சீன நூல்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, ஜப்பானிய வரிசையில் அடுக்கிப் படித்துப் பழகிய நாடு அது. அதே முறை ஆங்கிலத்துக்கும் பொருத்தப்பட்டு ‘யாகுடொக்கு’, அதாவது மொழிபெயர்த்துப் படித்தல், என்று பெயர் பெற்றது. பொறியியல் நூல்களுக்கு இம்முறை ஓரளவு போதுமானதாக இருந்தபோதிலும், மரபுத்தொடர்கள் செறிந்த கட்டுரையிலும் கதையிலும் உரையாடலிலும் அது ஒவ்வொரு வரியிலும் இடறியது.

டோக்கியோவிலிருந்த இம்பீரியல் பொறியியல் கல்லூரியிலும் பின்னர் இம்பீரியல் பல்கலைக்கழகத்திலும் ஆங்கிலம் கற்பித்த ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் மெயின் டிக்சன் இந்த இடறலை வகுப்பறையில் நேரடியாகக் கண்டவர். ஜப்பானிய மாணவர்களுக்கென்றே அவர் தொகுத்த ஆங்கில மரபுத்தொடர் அகராதி 1880களின் இறுதியில் டோக்கியோவில் அச்சாகி, 1891இல் லண்டனிலும் வெளிவந்தது. தொடருக்குப் பொருள் கூறுவதோடு நில்லாமல், அது உரைநடைக்கு உரியதா, உரையாடலுக்கு உரியதா, நெருங்கியவரிடையே மட்டும் வழங்குவதா, கொச்சையா என்பதையும் ஒற்றை எழுத்துக் குறியால் டிக்சன் சுட்டிச் சென்றார். நூல்களின் வழியே மட்டும் மொழியைக் கற்பவர் விருந்தில் பேச வேண்டியதை விண்ணப்பத்திலும், விண்ணப்பத்தில் எழுத வேண்டியதை விருந்திலும் கையாள நேரும் என்பதை உணர்ந்தவர் செய்த ஏற்பாடு அது. பிற்காலத்தில் ஜப்பானிய நாவலின் தலைமகனாக விளங்கிய நட்சுமே சோசெகி, பல்கலைக்கழகத்தில் டிக்சனிடம் பயின்றவர்.

டிக்சனின் மற்றொரு மாணவர் இவ்வரலாற்றில் ஆசிரியரினும் பெரிய இடத்துக்கு உரியவர். செண்டாய் நகரில் 1866இல் பிறந்த சைட்டோ ஹிடெசபுரோ, பொறியியல் கல்லூரியில் பட்டம் பெறாமலே வெளியேறி, 1896இல் டோக்கியோவின் கண்டா பகுதியில் செய்சொக்கு ஆங்கிலப் பள்ளியை நிறுவினார். மொழியின் அடிப்படை அலகு தனிச்சொல் அன்று, தொடரே என்ற தம் கொள்கையை அவர் ஒரு தனித் துறையாகவே வளர்த்தெடுத்தார். 1915இல் அவர் வெளியிட்ட ஆங்கில–ஜப்பானிய அகராதியின் தலைப்பே மரபுத்தொடரை மையமாகக் கொண்ட அகராதி என்று அறிவித்தது. பெரிய சொற்களை விரைந்து கடந்து, ‘ஆஃப்’, ‘இன்’, ‘ஆன்’ முதலிய முன்னிடைச்சொற்களுக்கும் எளிய வினைகளுக்கும் அந்நூல் பெரும் இடம் ஒதுக்கியது. அகராதியில் ஒரு சொல் பெறும் இடம் அதன் அருமையைப் பொறுத்ததன்று, கற்பவருக்கு அது தரும் தொல்லையைப் பொறுத்தது என்ற நெறியை இத்துணை உறுதியாகக் கைக்கொண்ட நூல் அதற்கு முன் அரிது. இங்கிலாந்தில் கால்வைக்காமலே இப்பணியைச் செய்து முடித்த சைட்டோவின் பெயர், ஆங்கில அகராதிக்கலையின் பொதுவரலாறுகளில் இன்றும் உரிய அளவுக்கு இடம்பெறாதது நியாயமன்று.

1922இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலிருந்து ஹெரால்டு பால்மர் ஜப்பான் வந்து சேர்ந்தார். கல்வியாளர் சவயனகி மசதரோ அழைக்க, கப்பல் கட்டும் தொழிலதிபர் மட்சுகட்டா கோஜிரோ பொருளுதவி செய்தார்; மறு ஆண்டே ஆங்கிலம் கற்பித்தலுக்கான ஆய்வு நிறுவனம் டோக்கியோவில் பால்மர் தலைமையில் தொடங்கியது. வாய்மொழிப் பயிற்சியைப் பள்ளிகளில் பரப்புவதே அவருடைய முதல் நோக்கம். மேனிலைக் கல்விக்கான நுழைவுத் தேர்வுகள் யாகுடொக்கு முறையையே சோதித்தமையால், அம்முயற்சி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஆனால் அந்நிறுவனம் 1933இல் வெளியிட்ட சொற்சேர்க்கை பற்றிய அறிக்கை நிலைத்து நின்றது. சொற்சேர்க்கை என்பது இரண்டோ பலவோ சொற்கள் வழக்கத்தால் ஒன்றையொன்று நாடி நிற்பது. அதனை உறுப்புறுப்பாகக் கட்டியெழுப்ப முடியாது, முழுமையாகவே கற்றுக்கொள்ள வேண்டும் என்றார் பால்மர். ஆங்கிலேயர் மழைக்கு ‘ஹெவி’ என்பர். காற்றுக்கும் தேநீருக்கும் ‘ஸ்ட்ராங்’ என்பர். மாற்றிச் சொன்னால் பொருள் விளங்கும், ஆனால் மொழி பிசகும். விலங்குகளும் பறவைகளும் மலிந்த வண்ணமயமான தொடர்களையே மரபு என்று எண்ணி வந்த காலத்தில், சாதாரணச் சொற்களின் இந்த ஓசையற்ற கூட்டுறவையும் மரபின் எல்லைக்குள் கொண்டுவந்ததே அவ்வறிக்கையின் பெருஞ்சாதனை.

1924இல் ஒய்ட்டா நகரின் வணிகக் கல்லூரிக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்த ஏ. எஸ். ஹார்ன்பி, 1930களில் இச்சொற்சேர்க்கைப் பணியில் பால்மருடன் இணைந்தார். 1936இல் பால்மர் நாடு திரும்பியதும் ஆய்வுப் பொறுப்பை ஏற்று, மறு ஆண்டு இ. வி. கேட்டன்பி, எச். வேக்ஃபீல்டு ஆகியோரோடு புதியதோர் ஆங்கில அகராதியைத் தொகுக்கத் தொடங்கினார். இதில் சொற்பிறப்பு நீக்கப்பட்டு, அவ்விடம் எடுத்துக்காட்டுத் தொடர்களுக்குத் தரப்பட்டது. எண்ணத்தக்க பெயர்ச்சொல், எண்ணவியலாத பெயர்ச்சொல் என்ற வேறுபாடு குறிகளால் உணர்த்தப்பட்டது. தாய்மொழியாளர் எவரும் அகராதியில் தேடாத இச்செய்தியில்தான் அயல்மொழியினர் பிழை செய்கின்றனர். வினைகள் 25 வாக்கிய அமைப்புகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு வினையும் எந்த அமைப்பில் வரும் என்பது எண்ணால் சுட்டப்பட்டது. ‘ஐ வாண்ட் ஹிம் டு கோ’ என்பது செம்மையான வாக்கியம். அதைப் பார்த்து ‘ஐ சஜ்ஜெஸ்ட் ஹிம் டு கோ’ என்று எழுதுவது பிழை. பொருளால் அண்டை வீட்டாரான இவ்விரு வினைகளும் அமைப்பால் வேறுபடுவதற்குக் காரணம் தேடிப் பயனில்லை. ஒவ்வொரு வினையின் போக்கையும் பதிவு செய்வதே அகராதியின் வேலை என்று ஹார்ன்பி கருதினார்.

1940இல் தொகுப்பு நிறைவுற்றது. 1941 டிசம்பரில் பசிபிக் போர் மூண்டது. ஹார்ன்பி எதிரிநாட்டவராகக் காவலில் வைக்கப்பட்டு, 1942இல் தாயகத்துக்கு அனுப்பப்பட்டார். ஆங்கிலம் எதிரியின் மொழி என்று ஒதுக்கப்பட்டு, பேஸ்பால் ஆட்டத்தின் ஆங்கிலச் சொற்கள்கூட ஜப்பானியத்துக்கு மாற்றப்பட்டுக்கொண்டிருந்த அந்நாட்களில், கைட்டகுஷா பதிப்பகம் அந்த ஆண்டே இவ்வகராதியை டோக்கியோவில் வெளியிட்டது. போருக்கு நடுவே ஒரு பதிப்பகம் ஏற்ற இவ்வறிவுத் துணிவு எந்நாட்டவரும் போற்றத்தக்கது. போர் முடிந்தபின், டோக்கியோ அச்சின் பக்கங்களையே ஒளிப்படமாக எடுத்து ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 1948இல் மறுவெளியீடு செய்தது. இந்தியக் கல்லூரி மாணவர்களிடையே, தமிழகம் உட்பட, தலைமுறைகளாகப் புழங்கிவரும் ஆக்ஸ்ஃபோர்டு மேனிலைக் கற்போர் அகராதியின் முதல் வடிவம் அதுவே.

பின்வந்தோர் இந்த அடித்தளத்தின் மேல் கட்டியதோடு அதன் குறைகளையும் களைந்தனர். ஏ. பி. கவீ, ரொனால்டு மேக்கின் ஆகியோர் தொகுத்த வழக்கு ஆங்கில மரபுத்தொடர் அகராதியின் 1975ஆம் ஆண்டு முதல் தொகுதி, இடைச்சொல் சேர்ந்த வினைகளுக்கென்றே முழுவதுமாக ஒதுக்கப்பட்டது. ஏனைய மரபுத்தொடர்கள் 1983இல் வந்த இரண்டாம் தொகுதி வரை காத்திருந்தன. ஹார்ன்பியின் எண்குறிகள் மனத்தில் நிற்காமல், அகராதியைப் படிக்கவே தனிப் பயிற்சி வேண்டியிருந்தமையால், 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் அவை எழுத்துக் குறிகளுக்கு இடம் தந்தன. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவாகி 1987இல் வெளிவந்த கோபில்ட் அகராதி, இலக்கணக் குறிப்புகளைப் பக்கத்தின் ஓரத்தில் தனிப் பத்தியாக ஒதுக்கிவிட்டு, சொல்லையோ தொடரையோ அது இயல்பாக வரும் ஒரு முழு வாக்கியத்துக்குள் வைத்தே விளக்கியது. கணினியில் திரட்டிய பல இலட்சம் சொற்களைக் கொண்ட உண்மை வழக்குகளை ஆராய்ந்த சின்க்ளேர், பேசுவோர் சொற்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்து கோப்பதைவிட முன்னமே ஓரளவு கட்டமைந்த தொடர்களையே பெரிதும் எடுத்தாள்கின்றனர் என்று 1991இல் எழுதினார். சைட்டோவும் பால்மரும் கணினியின் துணையின்றி டோக்கியோவில் கைக்கொண்ட கொள்கையும் அதற்கு மிக அணுக்கமானது.